பத்தியக் கஞ்சியும் அடைபட்ட பித்தநாளமும்: வைட்டமின் கே குறைவது எதனால்?

கேள்வி:

என் அப்பாவுக்கு 66 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்குக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாயின. மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லிச் சாறு கொடுத்து, எண்ணெய், நெய் எதுவும் சேர்க்காமல் கஞ்சியும் நீர்மோருமாக மூன்று வாரம் பத்தியம் வைத்திருந்தோம். உடம்பெல்லாம் அரிப்பும், பல் துலக்கும்போது ஈறில் ரத்தமும் வந்த பிறகே மருத்துவமனைக்குப் போனோம். பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பதாகச் சொன்னார்கள். ரத்தம் உறைய நேரமாகிறது, அதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2.4 இருக்கிறது, வைட்டமின் கே குறைந்துவிட்டது என்று கூறி, மூன்று நாள் ஊசி போட்டார்கள். அதன் பின்னர் ஐ.என்.ஆர். 1.2க்கு இறங்கியதும் எண்டோஸ்கோபி வழியாகக் கல்லை எடுத்து, ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். வைட்டமின் கே கீரையில்தான் நிறைய இருக்கிறது என்கிறார்கள். என் அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதய வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்க அவர் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரைக்குக் கீரை ஆகாது என்று தெரிந்தவர்கள் சொன்னதால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீரை சமைப்பதே இல்லை. அம்மாவுக்காக நிறுத்தியது அப்பாவுக்கு வினையாகிவிட்டதா? தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடுவார்களாம். பச்சைப் பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று அவளுடைய மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது? அப்பாவும் அம்மாவும் இனி இதற்கு மாத்திரை சாப்பிட வேண்டுமா?

வாசகி, கும்பகோணம்

பதில்:

உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்காகக் கீரையை நிறுத்தியது உங்கள் அப்பாவின் ரத்தக்கசிவுக்குக் காரணம் அல்ல. வயது வந்தவர்களுக்கு வைட்டமின் கே குறைவு ஏற்படும்போது, உணவில் அது இல்லாததைவிட, உணவில் இருப்பது உடலுக்குள் சேராததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்பாவுக்கு அந்த வழியை அடைத்தது பித்தநாளத்தில் சிக்கிய கல். அந்த அடைப்பு நீடித்த மூன்று வாரங்களில் நீங்கள் அன்போடு வைத்திருந்த பத்தியமும் அதற்குத் துணைபோயிருக்கிறது. மூன்று ஆண்டு கீரையில்லாத சமையலைவிட அந்த மூன்று வாரம்தான் இங்கே முக்கியமானது.

வைட்டமின் கே கொழுப்பில் கரையும் வகையைச் சேர்ந்தது. தண்ணீரில் அது கரையாது என்பதால், குடலின் சுவர் வழியாக உள்ளே செல்ல அதற்கு இரண்டு துணைகள் தேவைப்படுகின்றன. ஒன்று, உணவோடு சேர்ந்து வரும் சிறிதளவு எண்ணெய் அல்லது நெய். மற்றொன்று, அந்தக் கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைத்துக் கரைத்துக் கொடுக்கும் பித்தநீர். ஈரலில் சுரக்கும் பித்தநீர் பித்தநாளம் வழியாகக் குடலுக்கு வந்து சேர வேண்டும். கல் அந்தக் குழாயை அடைத்துவிட்டால் பித்தநீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. கண் மஞ்சளாவதும், சிறுநீர் கருமஞ்சளாவதும், உடல் அரிப்பதும், மலம் நிறமிழந்து களிமண்போல் வெளுப்பதும் அதன் விளைவுகளே. வெளியே தெரியாத இன்னொரு விளைவு, வைட்டமின் கே உட்பட கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ வைட்டமின்களும் குடலிலேயே தங்கி வெளியேறிவிடுவது. இவற்றுள் ஏ வைட்டமினை ஈரல் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். வைட்டமின் கேயை உடல் அவ்வாறு சேமிப்பதில்லை. வரவு நின்றால் கையிருப்பு சில நாட்களிலேயே சரியத் தொடங்கும், ஓரிரு வாரங்களில் ரத்த உறைவில் அது தெரிய ஆரம்பிக்கும்.

இந்த நிலையில் எண்ணெயும் நெய்யும் விலக்கப்பட்ட கஞ்சிப் பத்தியத்தை வைத்துப் பாருங்கள். கஞ்சியிலும் நீர்மோரிலும் வைட்டமின் கே மிகக் குறைவு. இருப்பது சேர்வதற்குக் கொழுப்பும் இல்லை, பித்தநீரும் இல்லை. காமாலை என்றாலே ஒரே நோய் என்று நம் வீடுகளில் எண்ணுகிறார்கள். கிருமியால் ஈரல் அழற்சி அடைந்து வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். எந்தச் சாறு கொடுத்தாலும் அதற்கே பெயர் போய்ச்சேரும். கல்லாலோ கட்டியாலோ பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலையை எந்தச் சாறும் தீர்க்காது. அரிப்பும் வெளுத்த மலமும் சேர்ந்து வந்தால் அது அடைப்புக் காமாலையாக இருக்கலாம் என்று கருதி, தாமதமின்றி ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். கீழாநெல்லியின் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அதை நம்பிக் கழியும் வாரங்களைப் பற்றித்தான் கவலை.

பித்தநீருக்கும் இந்த வைட்டமினுக்கும் உள்ள உறவு வைட்டமின் கேயின் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற ஆய்வாளர் 1929 வாக்கில், கோழிக்குஞ்சுகள் கொலஸ்ட்ராலைத் தாமே உருவாக்கிக்கொள்ளுமா என்று அறிவதற்காக, கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் கொடுத்து வளர்த்தார். இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சுகளுக்குத் தோலடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்தது, எடுத்த ரத்தம் உறையத் தாமதித்தது. கொலஸ்ட்ராலைத் திருப்பிச் சேர்த்தும், சி வைட்டமினைக் கொடுத்தும் பயனில்லை. தீவனத்திலிருந்து கொழுப்போடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் நீக்கப்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்து, 1935இல் அந்தப் பொருளுக்கு வைட்டமின் கே என்று பெயரிட்டார். நம் ஊரில் மாட்டுக்கு வளர்க்கும் குதிரைமசாலிலிருந்து அதன் ஒரு வடிவமும், அழுகிய மீன்தூளிலிருந்து மற்றொரு வடிவமும் பிரித்தெடுக்கப்பட்டன. முதலாவது இலைகளில் உள்ள கே1, அடுத்தது நுண்ணுயிர்கள் உருவாக்கும் கே2. அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சி இவற்றின் வேதியியல் அமைப்பைக் கண்டறிந்தார். 1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அடைப்புக் காமாலை உள்ளவரின் வயிற்றைத் திறப்பது அக்காலத்து அறுவை மருத்துவர்களுக்குப் பெரும் அச்சமாக இருந்தது. அறுவை நன்றாக முடிந்த பின்னும் நோயாளி சில நாட்களில் ரத்தம் நிற்காமல் இறந்துபோவார். 1938இல் அமெரிக்காவின் அயோவாவிலும் மேயோ மருத்துவமனையிலும் இருந்த மருத்துவர்கள், இத்தகைய நோயாளிகளுக்குப் பித்த உப்போடு சேர்த்து வைட்டமின் கே கொடுத்தபோது ரத்த உறைவு சீரானதைக் கண்டார்கள். உங்கள் அப்பாவுக்குக் கல்லை எடுக்கும் முன் மூன்று நாள் காத்திருந்து ஊசி போட்டது அந்த அனுபவத்தின் தொடர்ச்சியே. பித்தநாளத்தின் வாயை வெட்டி விரித்துத்தான் பெரும்பாலும் கல்லை எடுக்கிறார்கள். ஐ.என்.ஆர். 2.4 இருக்கும் நிலையில் அதைச் செய்திருந்தால் வெட்டிய இடத்தில் ரத்தம் கொட்டியிருக்கும். அந்தத் தாமதத்தைக் குறித்து உங்களுக்கு ஏதேனும் மனக்குறை இருந்தால் அதை விட்டுவிடலாம்.

இந்த வைட்டமின் உடலில் செய்யும் வேலை என்ன? ரத்தம் உறைவதற்கு ஈரல் உருவாக்கும் பல புரதங்கள் வேண்டும். அவற்றுள் 2, 7, 9, 10 என்று எண்ணிடப்பட்ட நான்கு காரணிகளும், உறைவு அளவுமீறிப் போகாமல் கட்டுப்படுத்தும் சி, எஸ் என்ற புரதங்களும் வைட்டமின் கேயைச் சார்ந்தவை. ஈரல் இப்புரதங்களைத் தயாரித்த பின், அவற்றிலுள்ள குளுட்டாமிக் அமிலங்களோடு ஒரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அவை கால்சியத்தைப் பற்றிக்கொண்டு காயம்பட்ட இடத்தில் ஒட்டும். அதைச் சேர்க்கும் நொதி வைட்டமின் கே இல்லாமல் இயங்காது. வைட்டமின் குறைந்தாலும் ஈரல் புரதங்களைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அவை கொக்கி இல்லாத சங்கிலிபோல மிதந்து செல்லும், எதிலும் மாட்டாது. இந்த நுணுக்கம் 1974இல்தான் வெளிப்பட்டது. அதுவரை, வைட்டமின் கே ஈரலைப் புரதம் தயாரிக்கத் தூண்டுகிறது என்பது போன்ற ஊகங்களே இருந்தன.

நான்கு காரணிகளில் ஏழாவதற்கு ஆயுள் மிகக் குறைவு. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆகவே வைட்டமின் குறையும்போது முதலில் விழுவது அதுதான். ஏழாவது காரணியின் குறையை நன்றாகக் காட்டுவது புரோத்ராம்பின் நேரம் என்னும் பரிசோதனை. அதன் முடிவை எல்லா ஆய்வகங்களும் ஒப்பிடத்தக்க ஒரே அளவுகோலில் எழுதுவதே ஐ.என்.ஆர். மருந்து எதுவும் எடுக்காதவருக்கு அது 1ஐ ஒட்டி இருக்கும். டெங்கு வந்த பிறகு நம் ஊரில் எல்லோருக்கும் தட்டணு எண்ணிக்கை பழகிவிட்டதால், ரத்தம் கசிந்தால் உடனே தட்டணுவைக் கேட்கிறார்கள், பப்பாளி இலையைத் தேடுகிறார்கள். வைட்டமின் கே குறைவில் தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். அப்பாவின் பரிசோதனைத் தாளைப் புரட்டிப் பார்த்தால் அதை நீங்களே காணலாம்.

ஊசிக்குப் பின் ஐ.என்.ஆர். 2.4இலிருந்து 1.2க்கு இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த வரி அது. ஈரல் இறுகிச் செயலிழந்தவர்களுக்கும் ஐ.என்.ஆர். உயரும். ஆனால் அங்கே புரதங்களைத் தயாரிக்கும் இடமே பழுதுபட்டிருப்பதால் வைட்டமின் கே ஊசி போட்டாலும் எண் பெரிதாக இறங்காது. ஊசிக்கு நன்றாக இறங்கியதிலிருந்து, அப்பாவின் ஈரல் நலமாகவே இருக்கிறது, குறைந்திருந்தது வைட்டமின் மட்டுமே என்று கொள்ளலாம். ஊசியாகக் கொடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. பித்தநீர் வராத குடலில் மாத்திரை போய்ச் சேராது.

பித்தநாள அடைப்பு ஒன்று மட்டும் காரணமல்ல என்பதால் மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கணையம் பழுதாகி, கொழுப்பைச் செரிக்கும் நொதிகள் குறைந்தாலும் இதே குறை வரும். தமிழகத்திலும் கேரளத்திலும் இளவயதிலேயே கணையத்தில் கற்கள் உண்டாகி, பின்னாளில் நீரிழிவும் எண்ணெய்ப் பசையுள்ள மலப்போக்கும் வரும் நோயாளிகளை நாங்கள் வெகுகாலமாகப் பார்த்து வருகிறோம். சிறுகுடல் அழற்சி, சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டியெடுத்த நிலை ஆகியவற்றையும் இதே வரிசையில் வைக்கலாம். மருத்துவமனைக்குள்ளேயே உருவாகும் குறை ஒன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் வாய்வழி உணவின்றி இருப்பவருக்கு வீரியமான நுண்ணுயிர்க்கொல்லிகள் செலுத்தப்படும்போது, உணவிலிருந்து கே1 வருவது நின்றுவிடுகிறது, குடல் கிருமிகள் தரும் சிறு பங்கான கே2வும் குறைகிறது. நம் நாட்டில் மிகுதியாகப் பயன்படும் செஃபோபெரசோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இதற்கு மேலும் ஒருபடி சென்று, வைட்டமின் கேயின் வேலையையே தடுக்கும் தன்மை உடையது. அதை ஒரு வாரத்துக்கு மேல் பெறுபவருக்கு ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் எடைக்குறைப்பு மாத்திரை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் கொலஸ்டைரமின் பொடி, அளவுமீறிய வைட்டமின் ஈ மாத்திரை ஆகியவையும் இதில் சேரும். எலிகளுக்கு வைக்கும் புரோமாடியோலோன் கேக்கைக் குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால், அன்று எதுவும் தெரியாது. ஓரிரு நாள் கழித்தே ரத்தம் கசியத் தொடங்கும், மருந்தின் வேகம் வாரக்கணக்கில் நீடிக்கும். அதனால் தின்றது தெரிந்த உடனே, அறிகுறிக்குக் காத்திராமல், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி உணவு. பெண்களுக்கு நாளொன்றுக்கு 55, ஆண்களுக்கு 65 மைக்ரோகிராம் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து வகுத்திருக்கின்றன. அமெரிக்கப் பரிந்துரை இதைவிடக் கூடுதல். 100 கிராம் பாலக் கீரையில் 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது, கொத்தமல்லித் தழையில் 300 அளவிலும், முட்டைக்கோஸில் 70 முதல் 80 வரையிலும் இருக்கிறது. இலையிலுள்ள கே1, பச்சையத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடலில் சேரும். வேகவைப்பதால் அது பெரிதாக அழிவதில்லை. எண்ணெயில் தாளித்து, தேங்காய் சேர்த்துச் சமைக்கும் நம் கீரைப் பொரியலும் கூட்டும் இவ்விதத்தில் சரியான சமையலே. எண்ணெய்களில் சோயா எண்ணெயில் இது நிறைய உண்டு, நல்லெண்ணெயில் ஓரளவு உண்டு, கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் இல்லை என்றே சொல்லலாம்.

உங்கள் வீட்டில் கீரையை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். சாம்பாரிலும் ரசத்திலும் விழும் கொத்தமல்லி, கறிவேப்பிலை, துவையல், அவரை, பீன்ஸ், வெண்டைக்காய் ஆகியவற்றை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். குடல் நலமாக உள்ள ஒருவருக்கு இவையே ரத்தக்கசிவைத் தடுக்கப் போதும். பயன்படுத்திய வைட்டமினையே உடல் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்வதால்தான் இவ்வளவு சிறிய அளவில் அதன் தேவை நிறைவேறுகிறது. கீரை இருந்திருந்தால் அப்பாவின் கையிருப்பு சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும், ரத்தக்கசிவு சில நாட்கள் தாமதமாகத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். பித்தநாளம் அடைத்த பிறகு கட்டுக்கட்டாகக் கீரை கொடுத்திருந்தாலும் பயன் இருந்திராது.

அம்மாவின் செய்தி வேறு. நான் மேலே சொன்ன புதுப்பிக்கும் வேலையைச் செய்யும் நொதியைத் தடுப்பதுதான் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளின் செயல். இம்மருந்துகளின் தோற்றமும் மாட்டுத் தொழுவத்தில்தான். 1920களில் வட அமெரிக்கப் புல்வெளிப் பகுதிகளில், பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள், கொம்பு சீவினாலும் காயடித்தாலும் ரத்தம் நிற்காமல் இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் பல ஆண்டுகள் முயன்று, அத்தீவனத்தில் இருந்த டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்களுக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. உங்கள் அம்மா சாப்பிடும் அசிட்ரோம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் இம்மாத்திரை தொடர்வதால், அம்மாவுக்குப் பொருத்தியிருப்பது உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆன செயற்கை வால்வாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அத்தகைய வால்வு வைத்தவர்களுக்கு இந்தக் குடும்பத்து மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை. சந்தைக்குப் புதிதாக வந்துள்ள, ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத மாத்திரைகள் அவர்களுக்கு ஏற்றவை அல்ல. ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து மாறும். மைட்ரல் வால்வென்றால் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை வைத்திருப்போம். ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு நோயாக இருந்த எண், மற்றொருவருக்கு மருந்தின் இலக்காக இருக்கிறது.

மாத்திரையின் அளவு அம்மாவின் அன்றாடச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி ஒத்திசைக்கப்படுவது. சாப்பாட்டில் வைட்டமின் கே ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் அந்த ஒத்திசைவு நிலைக்கும். கீரையை அறவே விலக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கையிருப்பே இல்லாத உடலில், எங்கோ விருந்தில் சாப்பிட்ட ஒரு வேளைக் கீரைகூட ஐ.என்.ஆரைக் கீழே தள்ளும், இரண்டு நாள் பசியின்றிக் கிடந்தால் அது மேலே தாவும். அளவான கீரையை ஒழுங்காகச் சாப்பிடுபவரின் எண் இவ்வளவு தள்ளாடுவதில்லை. ஆனால் இதைப் படித்ததும் நாளையே முருங்கைக்கீரைப் பொரியலைத் தொடங்கிவிடாதீர்கள். இப்போதைய மாத்திரை அளவு கீரையில்லாத உணவுக்கு ஒத்திசைக்கப்பட்டிருக்கிறது. திடீரென்று கீரை சேர்ந்தால் ஐ.என்.ஆர். இறங்கி வால்வில் ரத்தம் உறையலாம். அது ரத்தக்கசிவைவிட ஆபத்தானது. முதலில் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு சிறு கிண்ணம் என்று ஓர் அளவை முடிவுசெய்யுங்கள். தொடங்கிய ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பார்த்து, தேவையானால் மாத்திரையை மாற்றித் தருவார், ஓரிரு முறை பார்த்தபின் எண் அமைந்துவிடும். அதன் பிறகு முழு வீடும் கீரை சாப்பிடலாம்.

கீரையைக் கண்டு அஞ்சும் குடும்பங்கள் மருந்துக் கடையைக் கண்டு அஞ்சுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்கான கோட்ரைமாக்சசோல், தோல் படைக்கான ஃபுளுகோனசோல் ஆகியவை அசிட்ரோமின் வீரியத்தைக் கூட்டி ஐ.என்.ஆரை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக் கூடியவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபினும் அதை இறக்கிவிடும். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்லோஃபெனாக் ஐ.என்.ஆரைப் பெரிதாக மாற்றாவிட்டாலும் இரைப்பையில் ரத்தம் கசியச் செய்யும். அம்மா எந்தப் புது மருந்தைத் தொடங்கினாலும், நிறுத்தினாலும், ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்தாக வேண்டும். அளவு மிகவும் உயர்ந்து வைட்டமின் கே கொடுக்க நேர்ந்தாலும், வால்வு உள்ளவருக்கு மிகச் சிறிய அளவே கொடுப்பார்கள். அப்பாவுக்குப் போட்ட அளவை அம்மாவுக்குப் போட்டால் அசிட்ரோம் பல நாட்களுக்கு வேலை செய்யாமல் போய்விடும். அப்பாவின் ஊசி மருந்தில் மீதமிருந்தால் அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

இப்போது தங்கையின் பிள்ளை. வயது வந்தவர்களுக்கு வைட்டமின் கே குறைவு உணவால் வருவது அரிது என்று சொன்னேன். பிறந்த குழந்தையின் நிலை அதற்கு நேர்மாறானது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக இந்த வைட்டமின் மிகச் சிறிதளவே கடந்து வருகிறது. பிறக்கும்போது குடலில் கிருமிகள் இல்லை. தாய்ப்பாலில் ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே இருக்கிறது. இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பால் கொடுக்கத் தேவையில்லை. தாய்ப்பாலின் மற்ற நன்மைகளுக்கு ஈடில்லை, இந்த ஒரு குறையை ஒரே ஊசி தீர்த்துவிடும். ஊசி போடப்படாத குழந்தைகளில், நூற்றுக்கு 0.25 முதல் 1.7 வரையிலானவர்களுக்கு முதல் வாரத்தில் தொப்புளிலோ குடலிலோ ரத்தம் கசிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் வரும் தாமத வகை அதைவிட அரிது, லட்சத்துக்கு நான்கு முதல் ஏழு குழந்தைகளுக்கு வரக்கூடும். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்காவது மூளைக்குள் ரத்தம் கசியும். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று துவண்டு, வலிப்பு வந்து, உச்சிக்குழி புடைத்த நிலையில் வந்து சேரும். உயிர் பிழைத்தாலும் பின்விளைவுகள் வாழ்நாள் முழுவதும் தொடரலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு 1961இலிருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. இந்திய நலவாழ்வு அமைச்சகமும் 2014இல் மருத்துவமனைப் பிரசவங்கள் அனைத்துக்கும் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தொடையில் ஒரே ஒரு ஊசி, 1 மில்லிகிராம். ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள குழந்தைக்கு அதில் பாதி. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஊசிக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐயம் எழுப்பியது. பின்னர் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் எதிலும் அது உறுதிப்படவில்லை. அந்தப் பழைய அச்சம் இன்றும் சிலரிடம் சுற்றிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். வாய்வழிச் சொட்டாகக் கொடுப்பது சில நாடுகளில் உண்டு. ஆனால் பிறவியிலேயே பித்தநாளம் வளராத குழந்தைக்கு, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்த அதே காரணத்தால், அது போய்ச் சேராது. அத்தகைய குழந்தையின் நோய் பிறந்தவுடன் வெளியே தெரிவதும் இல்லை.

தங்கையின் மாமியாரிடம் வாதாடுவதைவிட, பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் சென்று மருத்துவரையே விளக்கச் சொல்வது நல்லது. பச்சை உடம்பில் குத்துகிறார்களே என்று பதறும் பெரியவரின் மனம் புரியாததல்ல. தங்கை வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை இப்போதே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஃபெனிடாயின், ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே ரத்தம் கசியலாம். பிறந்த பிறகு ஊசி போட்டார்களா என்று கேட்டு, குழந்தையின் அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் குழந்தைக்கு மஞ்சள் நிறம் நீடித்து, மலம் வெளுத்திருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை அப்பாவுக்கு எதுவும் தேவையில்லை. பித்தநீர் மீண்டும் குடலுக்கு வரத் தொடங்கியதும் வைட்டமின் கே தானாகச் சேரும். பத்தியத்தை விட்டுவிட்டு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும். அவருக்கு வைத்த ஸ்டென்ட்டை மறந்துவிடக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும் என்பதால், தேதியை மருத்துவமனைச் சீட்டில் பார்த்து வையுங்கள். பித்தப்பையில் கற்கள் மீதமிருந்தால் பித்தப்பையை அகற்றுவது பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். ஸ்டென்ட்டை எடுக்கும் முன் மீண்டும் ஒரு முறை ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். இம்முறை அது 1ஐ ஒட்டியே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அம்மாவுக்கு வைட்டமின் கே மாத்திரை கூடவே கூடாது. எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சின் என்ற புரதமும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் தடுக்கும் மற்றொரு புரதமும் இந்த வைட்டமினைச் சார்ந்தவை. அதைச் சொல்லி, எலும்புக்கு நல்லது என்று கே2 மாத்திரைகளை இப்போது நிறையப் பரிந்துரைக்கிறார்கள். ஜப்பானில் எலும்பு மெலிவுக்கு ஒரு வகை கே2வை மிகுந்த அளவில் மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எலும்பு முறிவைத் தடுக்கிறது என்பதற்கு மற்ற இடங்களில் உறுதியான சான்று இல்லாததால், நான் யாருக்கும் அதை எழுதித் தருவதில்லை. நம் ஊரில் விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் கே2-7 என்ற பெயரில் அது சேர்ந்தே வருகிறது. அம்மாவின் வயதில் மூட்டுவலிக்கோ எலும்புக்கோ என்று கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதவர்கள் குறைவு. அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளின் பின்புறம் அச்சிட்டிருப்பதை இன்றே படித்துப் பாருங்கள். கே2 இருந்தால், அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாமல், அந்தப் பட்டையை அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு எடுத்துச்சென்று அவருடைய இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.